மாமியாருக்குப் புரியாத மந்திரம்

"அண்ணா, மாந்திரீகம் புதுசா கத்துக்கறவங்களுக்கு எந்த புக்கு நல்லாருக்கும்?"

திம்மராயனுக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ புரை ஏறிவிட்டது.

ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருபது வருஷமாகப் புத்தகக் கடை வைத்திருக்கிறார். மாந்திரீகப் புத்தகம் கேட்கிறவர்கள் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, காதோடு காதாகத்தான் கேட்பார்கள். இவள் எல்.கே.ஜி. புத்தகம் கேட்பதுபோல் அல்லவா கேட்கிறாள்!

கம்பெனி யூனிஃபார்ம் போட்டிருந்தாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் ராஜாத்தி என்று இருந்தது.

"யாருக்கு மந்திரிக்கப் போறேம்மா?"

"எங்க மாமியாருக்குத்தாங்கண்ணா."

"அவங்க என்ன பண்ணாங்க?"

"சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கறாங்க. ஆறு மாசமா கெஞ்சிப் பாத்துட்டேன், கொஞ்சிப் பாத்துட்டேன். இனிமே இதுதான் வழி."

அடிப்பாவி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார் திம்மராயன்.

மருமகள் விஷயத்தில் அவர் சூடு கண்ட பூனை. அவர் மகன் மாதேஷ், கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டி பேச்சைத் தட்டுவதில்லை. சோற்றில் மருந்து வைக்காமல் எந்த ஆம்பளை இப்படி ஆவான்? அதனால் மருமகள் காவியா விடிகாலையில் எழுந்து கட்டிக் கொடுக்கிற தூக்குச் சாப்பாட்டை மூன்று மாதமாக அவர் தொடுவதில்லை. கடை வாசல் நாய்க்குக் கொட்டிவிட்டு மெஸ்ஸுக்குப் போய்விடுவார். நாய் பூசணிக்காய் மாதிரி உருண்டிருந்தது.

இருந்தாலும் வியாபாரம் வியாபாரம்தானே? ஒரு தடிமனான புத்தகத்தை எடுத்துப் போட்டார்.

ராஜாத்தி பிரித்துப் படித்தாள்.

"ராத்திரி பன்னெண்டு மணிக்கு சுடுகாட்ல நிக்கணுமா? எனக்கு செகண்ட் ஷிஃப்டுங்கண்ணா. கம்பெனி பஸ் கொண்டாந்து எறக்கி விடவே ஒரு மணி ஆயிரும்."

இன்னொன்றை எடுத்தார்.

"கருங்கோழி ரத்தமா? ஐயோ, மாமியா கோழிக்கெல்லாம் பேரு வெச்சுக் கூப்புடறவங்க. விடுவாங்களா?"

"பின்ன எப்படித்தாம்மா வேணும் உனக்கு?"

"சின்ன மந்திரமா இருக்கணும். தெனம் ரெண்டு வேளை, சாப்பாட்டுக்கு முன்னாடி சொல்லணும். மாமியா காதுல நல்லா விழணும், ஆனா புரியக் கூடாது. அவங்களுக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூணும் அத்துப்படி. அதாங்கண்ணா தலவலி."

திம்மராயன் புத்தகத்தைப் பட்டென்று மூடினார். சாப்பாட்டுக்கு முன்னாடியா? எல்லா மருமகள்களும் சோற்றில்தான் கை வைக்கிறார்கள்!

"மலையாள மந்திரம் இருக்கு, தமிழ் எழுத்துலயே போட்டிருப்பான். சனிக்கிழமை வரும். நம்பர் குடு, கூப்புடறேன்."

"பிளான்ட்டுக்குள்ள போன் விட மாட்டாங்கண்ணா, கேட்லயே வாங்கி வெச்சுக்குவாங்க. வீட்டு நம்பர் எழுதிக்குங்க. மாமியாதான் எடுப்பாங்க, சாந்தம்மான்னு பேரு. அவங்ககிட்டயே சொல்லிருங்க."

சொல்லிவிட்டு, வந்து நின்ற கம்பெனி பஸ்ஸில் ஓடி ஏறிக்கொண்டாள்.

என்ன நெஞ்சழுத்தம்! பஸ் கண்ணுக்கு மறைந்ததும் திம்மராயன் போனை எடுத்தார். ஓர் உயிரைக் காப்பாற்றும் புண்ணியம் எல்லோருக்குமா கிடைக்கும்?

"சாந்தம்மாங்களா? பதட்டப்படாதீங்க. நான் புக்கு கடைக்காரன். உங்க மருமக உங்களுக்கு மந்திரம் வெக்கப் புக்கு கேட்டு வந்துச்சு. அது கையால பச்சத்தண்ணிகூட குடிக்காதீங்க!"

"புக்கு கெடச்சுதா?" என்றது கிழவியின் குரல்.

"அம்மா, அது உங்களுக்கு வெக்கத்தான்..."

"எனக்குத்தாம்ப்பா! சக்கர வியாதில கால் வெரல் புண்ணு ஆறவே மாட்டேங்குது. டாக்டரு குடுத்த மாத்திரைய மந்திரிக்காம வாயில வெக்க மாட்டேன்னுட்டேன். மந்திரிக்கற சாமியாரு அமாவாசைக்கு ஒருக்காதான் வராரு. இப்படியே போனா வெரலையே எடுக்கணும்னு டாக்டரு சொல்லவும் இந்தப் புள்ள ஒரே அழுக. 'நானே கத்துக்கிட்டு ரெண்டு வேளையும் மந்திரிச்சுத் தரேன், முழுங்குங்க அத்தே'ன்னு கால்ல விழுந்துச்சு. சரின்னேன்."

"உங்களுக்குப் புரியக் கூடாதுன்னு சொல்லுச்சே..."

"புரியற மந்திரத்துக்கு ஏதுப்பா சக்தி? அது இருக்கட்டும். பச்சத்தண்ணி குடிக்காதேன்றியே, உம் வீட்லயும் மருமக இருப்பாளே, அவ கையால நீ ஒரு வாய் சோறு தின்னுருக்கியா?"

திம்மராயன் போனை வைத்துவிட்டார். நாய்க்குக் கொட்ட வைத்திருந்த தூக்கை எடுத்தார். பிறகு மெல்லத் திறந்தார்.

களியும் கீரைக் குழம்பும். ஒரு வாய் பிட்டு, குழம்பில் தொட்டு வாயில் வைத்தார். ருசியாகத்தான் இருந்தது, உப்பு மட்டும் பாதிதான். போன மாதம் ஆஸ்பத்திரியில் அவருக்கு ரத்தக் கொதிப்பு என்று சொல்லி உப்பைக் குறைக்கச் சொன்னதை அவரே மறந்துவிட்டார். காவியா மறக்கவில்லை. சோற்றில் அவள் வைத்த மருந்து அதுதான்.

திம்மராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. தூக்கை வழித்துச் சாப்பிட்டார்.

வாலை ஆட்டிக்கொண்டு வாசலில் நின்ற நாய்க்கு, மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் முதல் பட்டினி.