எல்லையில் நின்ற ஊசி

"இதை உள்ளே விட முடியாது, ஒரெஸ்ட்."

சுங்க அதிகாரி வெர்னா பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

ஒரெஸ்டோடு வந்த தம்பி மைரனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"நாங்க என்ன துப்பாக்கியா வாங்கிட்டு வந்தோம்? ஒரு ஊசி. விரல் நீளம்கூட இல்ல."

"துப்பாக்கியோட பாகம். எல்லை தாண்டி வருது. அதுக்குன்னு சட்டம் இருக்கு."

உண்மையில் அது ஊசிதான். தோட்டாவின் பின்புறத்தைத் தட்டி வெடிக்கவைக்கிற எஃகு ஊசி. ஒரெஸ்ட் வீட்டில் இருந்த ஒரே துப்பாக்கியில் அது ஒடிந்துபோயிருந்தது. பழைய மாடல். கனடாவில் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. ஆன்லைனில் ஓர் அமெரிக்கக் கடையில் இருந்தது, ஆனால் நாட்டுக்கு வெளியே அனுப்ப மாட்டார்களாம்.

எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் ஒரெஸ்டும் செய்தார். எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் மொன்டானாவில் இருக்கிற பார்சல் கடைக்கு அதை வரவழைத்து, வண்டியில் போய் எடுத்துவந்தார். ஒளிக்கவும் இல்லை. சுங்கச் சாவடியில் தானாகவே எடுத்து நீட்டினார்.

"லைசென்ஸ் இருக்கு, ரசீது இருக்கு. இன்னும் என்ன வேணும் உனக்கு?" என்றான் மைரன்.

"மேலிடத்துல கேக்கணும். திங்கட்கிழமை வா, ஒரெஸ்ட். நீயே நேர்ல வரணும். இவனை அனுப்பாதே."

திங்கட்கிழமை ஒரெஸ்ட் போனார். விற்ற கடையிலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றாள். கடிதத்தோடு போனார். துப்பாக்கியின் மாடலைத் தெளிவாக எழுதவில்லை என்றாள். அடுத்த திங்கள் வா. ஒவ்வொரு தடவையும் உட்காரவைத்து, ஒரு காப்பியைக் கையில் கொடுத்து, முன்பு கேட்டதையே திரும்பக் கேட்பாள். ஒரெஸ்ட் அவளைத் திட்டிக்கொண்டே வீடு திரும்புவார்.

அறுவடை முடிந்த கோதுமை வயல்களின் மேல் வாத்துகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போயின. வேட்டை சீசன் முடிந்தது. பனி விழுந்தது. ஊசி வரவில்லை.

காப்பிக் கடையில் வெர்னாவின் பேர்தான் அடிபட்டது.

"பறக்கிற வாத்துகிட்டயும் பாஸ்போர்ட் கேப்பா அவ."

"பக்கத்துப் பண்ணைக்காரி. கூடப் படிச்சவ. அந்த ஈரம்கூட இல்லையே."

"பெண்டாட்டியைப் பறிகொடுத்துட்டு நிக்கிற மனுஷன்," என்றான் மைரன். "அண்ணனுக்கு மிச்சமிருந்த ஒரே சந்தோஷம் வாத்து வேட்டை. அதுலயும் மண்ணைப் போட்டுட்டா."

அவன் சும்மா விடவில்லை. தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதினான். வசந்தம் தொடங்கும்போது பதில் வந்தது. லைசென்ஸ் இருந்ததால், அந்த ஊசியை முதல் நாளே உள்ளே விட்டிருக்கலாம். தடையே இல்லை.

விசாரணை நடந்தது. விதியைத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று வெர்னா எழுதிக் கொடுத்தாள். ஓய்வு பெறுகிற வயதில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அவள் மேஜையைக் காலி செய்த அன்று, பொட்டலத்தை வாங்கிக்கொள்ள மைரன் போனான். மனதில் தேக்கிவைத்ததைக் கொட்டிவிட்டு வரவும்தான்.

"சட்டம் தெரியாமயா இத்தனை வருஷம் இங்க உக்காந்திருந்தே?"

"தெரியும். புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறதே நான்தான்."

"அப்புறம்? வேணும்னே செஞ்சியா?"

"ஆமா."



வெர்னா கதவைச் சாத்திவிட்டு வந்து, எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்க இந்தப் பொட்டலத்தோட வந்தீங்களே, அதுக்கு முந்தின சாயங்காலம் உங்க அண்ணன் எங்க வீட்டுக்கு வந்தான். அவனோட நாய் சிர்கோவைக் கொண்டுவந்து விட்டான். அது திங்கிற தட்டு, படுக்கிற கம்பளி, மருந்து எல்லாம் மூட்டை கட்டிக் கொண்டுவந்தான். இனிமே இது உன்கிட்டயே இருக்கட்டும்னான். வாத்து வேட்டைக்குப் போறவன் வேட்டை நாயைக் கொடுத்துடுவானா, மைரன்?"

நாய் எங்கே என்று மைரனும் ஒருநாள் கேட்டிருந்தான். வயசாயிடுச்சு, நல்ல இடத்துல விட்டிருக்கேன் என்றார் அண்ணன். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை.

"யார்கிட்டயாவது... என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"அவன் வாயைத் திறந்து எதுவும் சொல்லலையே. அந்தத் துப்பாக்கி வாத்துக்கு இல்லன்னு நானா ஊகிச்சதுதான். சொன்னா போலீஸ் வரும். காப்பிக் கடை முழுக்க அவன் பேச்சா இருக்கும். அப்புறம் அவன் வெளியில தலை காட்டுவானா? திங்கட்கிழமை என்னைத் திட்டுறதுக்காவது வீட்டை விட்டு வரட்டும்னு நினைச்சேன். நான் செஞ்சது சட்டப்படி தப்பு. அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டுட்டேனே."

இழுப்பறையைத் திறந்து பொட்டலத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

மைரன் அதைப் பிடித்துக்கொள்ளவே பயந்தான். "கொடுக்கலாமா, வெர்னா?"

"தாராளமா கொடு. நேத்து எங்க வீட்டுக்கு வந்தான், என்கூட ஒரு வார்த்தை பேசல, என் மேல அவ்வளவு கோபம். சிர்கோவை மட்டும் வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டான்."