திட்டில் சுற்றும் கும்மி

வைகை நடுவிலிருக்கும் மணல்திட்டில், முளைப்பாரிச் சட்டிகளைச் சுற்றிப் பெண்கள் கும்மியடிக்கிறார்கள். வெயில் மஞ்சளாகச் சாய்கிறது. அக்கரையில் கரிப்புகை விட்டுக்கொண்டு மதுரை ரயில் போகிறது. காலையில் முழங்காலளவு ஓடிய தண்ணீர் இப்போது செம்மண் நிறத்தில் பொங்கிப் போகிறது. பாட்டெடுத்துக் கொடுப்பவள் தங்கப்பொண்ணு. வட்டம் அவளை ஆற்றுப் பக்கம் திருப்பும்போதெல்லாம் அவள் புருஷன் கண்ணுச்சாமி தெரிகிறான். சோழவந்தானில் புதுத்தோல் கட்டிய தப்பு மேளத்தைத் தலைக்குமேல் தூக்கியபடி, கழுத்தளவு தண்ணீரில் திட்டை நோக்கி வருகிறான். வட்டம் சுழல்கிறது; ஆறு அவள் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. இனி எதிர்ப்பக்கப் பெண்களின் கண்களில்தான் அவனைத் தேட வேண்டும். அவர்களில் ஒருத்தியின் கைதட்டல் பிந்துகிறது. தங்கப்பொண்ணு மறுபடி ஆற்றைப் பார்க்கத் திரும்புகிறாள். தண்ணீர் மட்டும் ஓடுகிறது. ஆண்கள் கயிற்றோடு கரையோரம் ஓடுகிறார்கள். “மதினி, பாட்ட விட்டுறாதீக,” என்கிறாள் பின்னால் வரும் முருகம்மாள், கண்ணுச்சாமியின் தங்கை. அவள் குரலே உடைந்திருக்கிறது. “சட்டியத் தூக்குற வரைக்கும் பாட்டு அந்துறக் கூடாது.” ‘வட்டமிட்டு வாரோம் தாயே, வழிகாட்டி நில்லு தாயே’ என்று பாடுகிறாள் தங்கப்பொண்ணு. மறுபடியும் அதே வரி. அதற்கு அடுத்த வரிக்கு நாக்கு நகர மறுக்கிறது. உள்ளங்கைகள் சிவந்துவிட்டன. சட்டிகளில் வெளுத்த முளைகள் காற்றுக்கு ஒருபக்கமாகச் சாய்கின்றன. மறுபடியும் அதே வரி. அப்போது திட்டின் கீழ்க்கோடியில், நாணலுக்குள்ளிருந்து தப்பின் ஈரத்தோல் எழுப்பும் மந்தமான சத்தம் கேட்கிறது. கும்மியின் தாளத்துக்குச் சரியாக விழுகிறது. தங்கப்பொண்ணு அடுத்த வரிக்குப் போகிறாள்.