பெட்டி மடியிலேயே இருக்கட்டும்

"பெட்டி எம் மடியிலதான் இருக்கும். டிக்கியில வைக்க மாட்டேன். இப்பவே சொல்லிப்புட்டேன்!"

திருவாரூர் ரயிலடி வாசலில் லத்தீஃபா போட்ட சத்தத்தில், வெற்றிலை மென்றுகொண்டு நின்ற டாக்சிக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கையில் தகரப் பெட்டி, தோளில் தண்ணீர்க் கூஜா, இன்னொரு கையில் மகள் ஜொகரா. துணைக்கு ஆள் கிடையாது.

மகள் விஷக்காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் நாகூர் தர்காவில் முடியிறக்குவதாக நேர்ந்துகொண்டிருந்தாள். தனியாகக் கிளம்பியவளுக்கு நாத்தனார்தான் புத்தி சொல்லி அனுப்பினாள். ஏறுமுன்னே வாடகை பேசிவிடு, பெட்டியை டிக்கியில் வைக்காதே, புருஷன் போலீஸ் என்று சொல்லு. நாத்தனார் பட்டவள். போன வருஷம் தர்காவின் கந்தூரி விழாவுக்குப் போகும்போது டீ குடிக்க இறங்கிய நேரத்தில், டிக்கியிலிருந்த சாமானோடு டாக்சிக்காரன் கிளம்பிப் போய்விட்டான். நடுவழியில் பிள்ளைகளோடு நின்று அழுதிருக்கிறாள், பாவம்.

பஸ்ஸில் போயிருக்கலாம். ஆட்சி மாறியும் வயல்காட்டுச் சண்டை ஓயவில்லை. கூலி நெல் கேட்டு ஊருக்கு ஊர் மறியல். பஸ் ஓடவில்லை.

"எம் புருஷன் போலீஸ் இன்ஸ்பெக்டரு, தெரிஞ்சுக்குங்க. நாகூருக்கு நீங்க கேக்கறதுல பாதிதான் தருவேன்."

"ரூபாய்க்குப் படி அரிசி கேக்குற மாதிரியில்ல கேக்குறாங்க!" என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

கடைசி வண்டிக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. வைரக்கண்ணு என்று பெயர். "நான் வர்றேம்மா. நீங்க சொன்ன வாடகையே போதும். பெட்டி மடியிலேயே இருக்கட்டும்."

இப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டதுதான் லத்தீஃபாவுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. ஆனாலும் ஏறினாள். வேறு வழி?

கொஞ்ச தூரம் போனதும் வண்டி தார்ச்சாலையை விட்டு வாய்க்கால் கரை மண்பாதையில் இறங்கியது.

"ஏன் இந்தப் பக்கம்?"

"ரோட்டுல மறியல்மா."

இரண்டு பக்கமும் அறுக்க ஆளில்லாமல் கதிர் சாய்ந்து கிடந்தது. மனித நடமாட்டமே இல்லை. லத்தீஃபா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பள்ளம் வந்தால் வைரக்கண்ணு வண்டியை ஊரவிட்டான். ஒவ்வொரு தடவையும் உரக்கக் கேட்டான்.

"சௌகரியமா இருக்கா? இன்னும் கொஞ்ச தூரந்தான்!"

"எனக்குக் காது நல்லாக் கேக்கும். ஏன் இப்படிக் கத்துறீங்க?"

"பழக்கமாயிடுச்சும்மா," என்றான்.

ஜொகராவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "டிரைவர் மாமா, எங்க அத்தா பினாங்குல கடை வெச்சிருக்காங்க. எனக்குக் கண்ணு மூடுற பொம்மை வாங்கிட்டு வருவாங்க."

லத்தீஃபா மகளின் வாயைப் பொத்தினாள். காலம் கடந்துவிட்டது. கண்ணாடி வழியாக வைரக்கண்ணு அவளை ஒரு பார்வை பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மதகடியில் ஒரு மூங்கிலைக் குறுக்கே போட்டு மறித்திருந்தார்கள். மிராசுதாரின் ஆட்கள். கையில் தடி.

"யாருடா வண்டியில? அம்சவல்லின்னு ஒருத்தி, வெளியூர் ஆளுங்கள வயல்ல எறங்க விடாம மறிச்சவ. இந்தப் பக்கம் வந்தாளா?"

"இது நாகூர் சவாரிங்க. இன்ஸ்பெக்டர் ஐயா சம்சாரம். நேர்த்திக்கடனுக்குப் போறாங்க," என்றான் வைரக்கண்ணு.

லத்தீஃபா சட்டென்று நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பொய்யென்று தெரிந்தும் இவன் ஏன் சொல்கிறான்? ஜொகரா வாயைத் திறக்கப் போனாள். லத்தீஃபா ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து அவள் வாயில் திணித்தாள்.

தடிக்காரன் குனிந்தான். "எந்த ஸ்டேஷன்மா?"

"அத அவரே வந்து சொல்லுவாரு," என்றாள். இந்தக் குரல் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. "உங்க பேரு என்ன? தகப்பனார் பேரு?"

அவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். மூங்கில் விலகியது.

நாகூர் தர்காவின் மனோரா கோபுரம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதும்தான் லத்தீஃபாவுக்கு மூச்சு வந்தது. அதற்குள் வண்டி ஊருக்குள் போகாமல் ஒரு சவுக்குத் தோப்புக்குள் நுழைந்து நின்றுவிட்டது. ஈ, காக்கை இல்லை.

"தர்கா அங்கேயில்ல இருக்கு! இங்க ஏன் நிறுத்துறீங்க?"

வைரக்கண்ணு இறங்கிப் பின்பக்கம் போனான். நாத்தனார் சொன்னது அத்தனையும் நடக்கப்போகிறது. லத்தீஃபா பெட்டியைக் கவசம்போல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மகளை இழுத்தபடி இறங்கினாள்.

அவன் டிக்கியைத் திறந்தான்.

உள்ளேயிருந்து, சாக்கை விலக்கிக்கொண்டு, வேர்வையில் குளித்த ஒரு பெண் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். நெற்றியில் காய்ந்த ரத்தம்.

"எந் தங்கச்சிம்மா. அம்சவல்லி."

அவன் வழியெல்லாம் கத்தியது யாருக்கென்று லத்தீஃபாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு கூஜாவை எடுத்து நீட்டினாள். அந்தப் பெண் ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

"அண்ணே," என்றாள் லத்தீஃபா, தலையைக் குனிந்துகொண்டு. "எம் புருஷன் இன்ஸ்பெக்டர் இல்லண்ணே."

"பாப்பா சொல்றதுக்கு முன்னாலயே தெரியும்மா. இன்ஸ்பெக்டர் சம்சாரம் வாடகைக்கு இம்புட்டுச் சண்டை போடுமா?" வைரக்கண்ணு முதல் தடவையாகச் சிரித்தான். "டிக்கியத் தொறக்கச் சொல்லாத ஒரு சவாரி வராதான்னுதாம்மா, வந்தவங்களையெல்லாம் திருப்பி அனுப்பிக்கிட்டு நின்னேன்."