ஏழு பேரும் போகட்டும்

"அந்த பஸ் ஸ்டாப்ல நிக்கிறவங்க எல்லாம் போகட்டும்க்கா. அப்புறம் இறங்குறேன்."

"பத்து நிமிஷமா இதையேதான் சொல்றே!" ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அக்காவுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. "அந்த ஹால் கதவுக்கு இருபதடி கூட இல்லை. அவங்க பாட்டுக்கு நிக்கிறாங்க. உன்னைக் கடிச்சா தின்னுடுவாங்க?"

"எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க."

"ஆமா, நீ பெரிய மகாராஜா!"

கிண்டல் செய்தாளே தவிர, தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவன் பக்கம் நீட்டினாள். புது ஆட்களைக் கண்டாலே தம்பிக்கு வேர்த்துக் கொட்டும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மதியச் சாப்பாடு ஸ்டோர் ரூமில், தனியாக. நாலு பேர் முன்னால் பேச வேண்டுமே என்று பதவி உயர்வையே வேண்டாம் என்ற புண்ணியவான். மூன்று மாத கவுன்சலிங்குக்குப் பிறகு, அவனைப் போன்றவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசும் கூட்டத்துக்கு இன்றுதான் முதல் நாள். இதுவும் சரிப்படாவிட்டால் இனி கவுன்சலிங் பக்கமே போகமாட்டேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டான்.

ஒரு பஸ் பிதுங்கி வழிந்தபடி வந்து போனது. ஸ்டாப்பில் நின்ற ஏழு பேரில் ஒருவரும் ஏறவில்லை.

தம்பி நகத்தைக் கடித்தான். கண்ணாடியை ஏற்றினான், இறக்கினான், மறுபடி ஏற்றினான்.

"வண்டியை எடுக்கா. எனக்கு என்னவோ பண்ணுது."

"பாவம்டா, கவுன்சலர் உள்ளே காத்துட்டிருப்பாங்க."

"அவங்க அரை மணி லேட்டாத்தான் வருவாங்க."

"அப்ப மத்தவங்களாவது இருப்பாங்கல்ல?"

அவன் மடியிலிருந்த போன் ஒலித்தது. பார்த்தவன் முகம் வெளிறிப் போனது. அக்கா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். கவுன்சலரின் மெசேஜ். உரக்கப் படித்தாள்.

"சிவப்பு கார்ல வர்றவர்கிட்டதான் ஹால் சாவி இருக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தேன். உங்க காரைப் பார்த்துட்டதா ஏழு பேரும் தனித்தனியா எனக்கு மெசேஜ் அனுப்பிட்டாங்க. பக்கத்துல வந்து சாவி கேட்கத்தான் ஒருத்தருக்கும் தைரியம் இல்லையாம்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி பஸ் ஸ்டாப்பைப் பார்த்தான். பிறகு, யாரும் தள்ளாமலே, பையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு கார் கதவைத் திறந்து இறங்கினான்.

ஏழு பேரும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள்.