தோற்க வந்த ஜோதிமணி

ராஜசேகர் சாரின் விமானம் இந்த முறையும் அவள் வாலைத் தொடாமல் போய்விட்டது.

ஜோதிமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷி இதற்குமேல் எப்படித்தான் தோற்பது?

விமானம் என்றால் கை நீளப் பொம்மைதான். ஆனால் மூக்கில் நிஜ இன்ஜின், நிஜ விசிறி. அதிலிருந்து வரும் இரண்டு மெல்லிய கம்பிகள் ஆட்டக்காரர் கையிலுள்ள பிடியில் முடியும். பிடியைச் சாய்த்தால் ஏறும், இறங்கும். மற்றபடி, முளையில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி ஆளைச் சுற்றிச் சுற்றியே வரும்.

ஆட்டக்காரர்கள் இருவரும் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான் ஓட்ட வேண்டும். வாலில் காகித நாடா. எதிராளியின் நாடாவை விசிறியால் நறுக்குகிறவருக்கு ஜெயம்.

மற்ற கம்பெனிகளில் ஆண்டு விழாவென்றால் மியூசிக்கல் சேர் வைப்பார்கள். மூன்று பாஷை புழங்கும் எல்லையோர ஜூஜுவாடியில் இந்தக் கம்பெனி முதலாளிக்கு விமானச் சண்டைக் கிறுக்கு. முதலாளிக்குக் கிறுக்குப் பிடித்தால் தொழிலாளிக்கும் பிடிக்க வேண்டும், அதுதானே முறை.

அசெம்பிளி லைனில் ஜோதிமணிக்கு இது மூன்றாவது வருஷம். இன்னமும் ட்ரெய்னி. அவளைப் பர்மனென்ட் ஆக்க வேண்டியவர் ஃபேக்டரி மேனேஜர் ராஜசேகர். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அரையிறுதியில் அவளுக்கு எதிராக வந்து நின்றதும் அதே ராஜசேகர்.

ஜெயித்தால் கிழவியாகும்வரை ட்ரெய்னிதான் என்று லைனில் எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு இன்ஜின் கிளப்பிவிடும் மேகலா, சோறு முக்கியமா நாடா முக்கியமா என்று கேட்டாள்.

சோறுதான். அதனால் தோற்க வந்திருந்தாள்.

நாடாவைக் கொண்டுபோய் அவர் விசிறிக்கு முன்னால் நீட்டினாள். அவர் மேலே ஏறிவிட்டார். தாழ்த்திக் காட்டினாள். பக்கவாட்டில் ஒதுங்கிவிட்டார். தலைகீழாக நின்று தண்ணீர் குடிக்காத குறை. விமானத்தை நிஜமாகவே தலைகீழாக ஓட்டியும் பார்த்துவிட்டாள். பெயின்ட் ஷாப்காரனை முதல் சுற்றிலேயே நறுக்கித் தள்ளிய மனுஷனுக்கு இன்றைக்கு என்ன கேடு வந்தது?

இவர்களுக்குப் பின்னாலேயே மைக்கோடு நின்ற நடுவர் சென்னப்பன், மேனேஜர் சார் பூனை எலிக்கு விளையாட்டுக் காட்டுவதுபோல் காட்டுகிறார் என்று தமிழில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை முழங்கினார். பந்தலில் கைதட்டல்.

கம்பிகள் பின்னிக்கொண்டன.

பின்னினால் ஆட்டக்காரர்கள்தான் ஒருவரையொருவர் சுற்றி வந்து சிக்கெடுக்க வேண்டும். ஜோதிமணி குனிந்து மேனேஜரின் கைக்கு அடியில் நுழைந்தாள். லைனில் வணக்கம் வைத்தால்கூடத் திரும்பிப் பார்க்காத மனுஷனின் வாய் இப்போது அவள் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஏம்மா, ஜெயிச்சுத் தொலையேன். ஃபைனல்ல முதலாளி பையன்."

அவளுக்கு ஒரு சுற்று சுற்றி வந்த பிறகுதான் உறைத்தது. அட, இவரும் தோற்கத்தான் வந்திருக்கிறார்.

முதலாளி மகன் ஃபைனலுக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அவனோடு ஆட வேண்டியவர்களுக்கெல்லாம் காலையிலேயே வயிற்றுவலி வந்துவிட்டது. முதலாளியே முன்வரிசையில் உட்காரும் ஃபைனலில் வயிற்றுவலி செல்லாது. ஆடித் தோற்கலாமென்றால் அதுவும் நடக்காது. பையன் தன் விமானத்தைத் தானே தரையில் குத்திவிடுவான். போன வருஷம் அப்படி, பாவம், தெரியாமல் ஜெயித்துத் தொலைத்த பர்ச்சேஸ் மேனேஜர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ.

மூன்று வருஷமாகக் கும்பிட்ட சாமி, இப்போது அவளைக் கும்பிடுகிறது.

ஜோதிமணிக்கு உடம்பெல்லாம் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். நாடாவைக் கொண்டுபோய் அவர் விசிறிக்கு ஒரு சாண் முன்னால் ஆட்டினாள். அவர் பதறி ஏறினார். இவளும் ஏறினாள். அவர் பாய்ந்து இறங்கினார். நாடா முன்னால் வந்து நின்றது. உலகத்திலேயே முதல்முறையாக வால் வாயைத் துரத்தியது. சார் விடாமல் விரட்டுகிறார் என்று பந்தலில் விசில் பறந்தது.

திங்கட்கிழமையே அவளுக்குப் பர்மனென்ட் ஆர்டர் போட்டுவிடுவதாக மேனேஜர் முணுமுணுத்தார். வியர்வை அவர் மூக்கு நுனியில் நின்றது.

மூன்று வருஷமாக அவள் கேட்க ஏங்கிய வார்த்தை. ஆனால் லைனில் அவளோடு சேர்ந்த ட்ரெய்னிகள் இன்னும் ஆறு பேர். ஆறும் பந்தல் ஓரத்தில் நின்று, இவள் தோற்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டிருந்தன.

நாடாவை இன்னும் கொஞ்சம் நெருக்கினாள்.

"ஏழு பேருக்கும்ங்க சார். சென்னப்பண்ணன் காதுல விழறாப்பல சொல்லுங்க."

ராஜசேகர் பல்லைக் கடித்தார். நாடா விசிறியை முத்தமிடப் போனது. இன்ஜின் சத்தத்தை மீறி அவர் கத்தினார். என்ன ஏது என்று புரியாவிட்டாலும், காதில் விழுந்ததை மைக்கில் சொல்வதுதானே சென்னப்பனின் வேலை. அசெம்பிளி ட்ரெய்னிகள் ஏழு பேரும் பர்மனென்ட் என்று மூன்று பாஷையிலும் அறிவித்தார். ஃபைனலுக்காக முன்னதாகவே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த முதலாளியே எழுந்து கைதட்டினார்.

ஜோதிமணி விமானத்தை ஒரே குட்டிக்கரணம் அடிக்கவிட்டு அவர் பின்னால் வந்தாள். சரக். அவர் நாடா துண்டு துண்டாக மைதானத்தில் இறங்கியது.

ராஜசேகர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். உயிர் திரும்பி வந்த முகம். இனி முதலாளி மகனோடு மல்லுக்கட்டப் போவது அவர் இல்லை. அவருடைய டிபார்ட்மென்ட் பெண்.

கைக்குட்டை பாதி முகத்தில் நின்றுவிட்டது. அவள் ஜெயித்துவிட்டால் பழி யார் தலையில்?

கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தவளிடம் வேகமாக வந்தார். பையனின் விமானம் தரையில் குத்துவதற்கு முன்னால், எப்படியாவது அவனிடம் தோற்றுவிடும்படி கெஞ்சினார்.

"அதுக்குத் தனியாப் பேசணுங்க சார்," என்றாள் ஜோதிமணி.