பதினான்காவது கோடு

பேச்சு பிடித்தால் குமிழை வலப்பக்கம் திருப்ப வேண்டும், பிடிக்காவிட்டால் இடப்பக்கம். கட்சி மாநாட்டில் ஜனாதிபதி வேட்பாளர் பேசுவதை நேரலையில் பார்க்க அழைக்கப்பட்டிருந்த இருபது பேருக்கும் ஆளுக்கொரு கருவியைக் கொடுத்து, ஆய்வு நடத்தும் துவாரகா அப்படித்தான் சொல்லியிருந்தாள். யோகமலரின் கருவியில் பதினான்கு என்று எழுதியிருந்தது.

திரையில் வேட்பாளர் வாயசைக்க, மொழிபெயர்ப்பாளரின் குரல் தமிழில் வந்தது. "வடக்கில் ஒரு தாயைச் சந்தித்தேன். காணாமல் போன மகனின் செருப்பை அவர் தினமும் கழுவி வாசலில் வைக்கிறார்."

போன மாதம் யோகமலரின் வீட்டு வாசலில் வேட்பாளர் அந்தச் செருப்பைக் கையில் எடுத்தபோது அவள் தேநீர்த் தட்டோடு பக்கத்தில் நின்றாள். படம் சரியாக விழவில்லை என்று கமராக்காரர் சொன்னதும் வேட்பாளர் அதைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார்.

துவாரகாவின் கணினியில் ஆளுக்கொன்றாக ஓடிய இருபது கோடுகளில் பத்தொன்பது உச்சிக்கு ஏறின. ஒன்று மட்டும் நடுவில் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"அம்மா, உங்கட மெசின் வேலை செய்யேல்லப் போல" என்று வேறொன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். யோகமலர் அதையும் வாங்கி, குமிழைத் தொடாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

பக்கத்துக் கதிரைப் பெண் குமிழை முழுதாகத் திருப்பிவிட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "பாவம் அந்த மனுசி. இப்ப எப்பிடி இருக்கிறாவோ?"

"தெரியேல்ல" என்றாள் யோகமலர்.

மாநாட்டில் கைதட்டல் ஓயவில்லை. துவாரகா மூன்றாவது கருவியோடு வந்துகொண்டிருந்தாள்.