மூன்றாம் வரி

டமடமவென்று டிரம் சத்தம் ஆலயத்தை அதிரவைத்தது. பதற்றத்தில் பியூலாவின் விரல் கீபோர்டில் தாளப் பொத்தானைத் தவறி அமுக்கிவிட்டிருந்தது. "அக்கா, கல்யாண வீடு அடுத்த தெரு!" என்று பாடகர் குழுவில் ஒருத்தி கிண்டலடித்தாள். பியூலா அவசரமாக அதை நிறுத்தினாள். வழக்கமாக வாசிப்பவர் துபாய்க்குப் போனதும், யாராவது வாசிக்க வேண்டுமே என்று நாற்பத்தாறு வயதில் கற்றுக்கொள்ளத் தொடங்கியவள் அவள். ஐந்து மாதமாக ஒவ்வொரு ஞாயிறும், எப்போதும் பாடும் அதே ஆரம்பப் பாட்டின் மூன்றாம் வரியில் ஒரு கறுப்புக் கட்டையைத் தேடி நின்றுவிடுவாள். மொத்தச் சபையும் பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். இன்றும் நின்றுவிட்டால் இனி கீபோர்டைத் தொடுவதில்லை என்று போதகரிடம் சொல்லியிருந்தாள்.

பாட்டு தொடங்கியது. மூன்றாம் வரியில் விரல் தானாகவே அந்தக் கறுப்புக் கட்டையில் போய் உட்கார்ந்தது. வாசிப்பு நிற்கவில்லை. ஆனால் பின்னால் ஒரு குரலையும் காணோம். திரும்பிப் பார்த்தாள். வழக்கமான இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டு, சபை அவளுக்காகக் காத்திருந்தது.

ஆராதனை முடிந்ததும் முன்வரிசை ஞானசிகாமணி வேகமாக வந்தார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்ட? நாங்க எல்லாரும் மூச்சு விடுறதே அந்த இடத்துலதானே!"